மூட்டுவலிக்கு மிளகாய் எண்ணெய்: காரத்துக்கு அளவு எங்கே?

ஒரு பிடி வரமிளகாய், ஒரு கிண்ணம் நல்லெண்ணெய், மெல்லிய தீ. எண்ணெய் சிவந்ததும் வடிகட்டிப் புட்டியில் அடைத்து, வலிக்கிற முழங்காலில் தேய்த்தால் மூட்டுவலி ஓடிப்போகும் என்று சொல்லும் வீட்டு வைத்தியக் குறிப்புகளுக்குக் கைபேசியில் பஞ்சமே இல்லை. "எல்லாம் கட்டுக்கதை" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்று வயதான தாய் தகப்பனை உட்காரவைத்துத் தடவிவிடுகிறவர்களும் உண்டு. முதல் தரப்புக்கு மருந்தியல் வரலாறு தெரியவில்லை. இரண்டாம் தரப்பு மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைக் கசக்கிப் பார்த்ததில்லை போலும்.

மிளகாயின் காரப்பொருள் வலியைக் குறைக்கும் என்பது உண்மைதான். காப்சைசின் என்ற அந்தப் பொருளை வைத்துச் செய்த களிம்புகள் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கின்றன. டைக்ளோபெனாக் கலந்த பல வலிநிவாரண ஜெல்களின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், சிறிய எழுத்தில் 0.025 சதவீதம் காப்சைசின் என்று போட்டிருக்கும். வீட்டில் காய்ச்சும் எண்ணெயிலும் அதே காப்சைசின்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. இந்த வைத்தியத்தின் பலன், பலவீனம் இரண்டும் அந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன.

இந்தக் கேள்வி புதிதல்ல. மருந்து செய்பவர்களை நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது வாட்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிளகாய் ஒரு மருந்துச் சரக்கு. மருந்தாளர்கள் அதைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்தார்கள், களிம்பாகக் குழைத்தார்கள், துணியில் பூசி முதுகில் ஒட்டும் பட்டையாக விற்றார்கள். ஜெர்மனியில் ஆர்னிகா, பெல்லடோனா, மிளகாய் மூன்றும் சேர்ந்த 'ஏபிசி' ஒட்டுப்பட்டை 1928இல் சந்தைக்கு வந்தது. மிளகாயின் காரப்பொருளை 1816இல் புக்கோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் கலப்போடு பிரித்தெடுத்தார். 1876இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் த்ரெஷ் அதை ஏறக்குறையத் தூய நிலையில் பிரித்து, காப்சைசின் என்று பெயரிட்டார்.

பொருள் கையில் கிடைத்தும் அளவு கைக்குள் அடங்கவில்லை. ஒரு மூட்டை மிளகாய் காரமாக இருக்கும், அடுத்த மூட்டை சப்பென்று இருக்கும். ஒரே செடியில் பறித்த இரண்டு காய்களே ஒன்றுபோல் இருப்பதில்லை. டெட்ராய்ட் நகரின் பார்க் டேவிஸ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளர் 1912இல் இதற்கு ஒரு வழி சொன்னார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஒரு குழுவினரை ருசிக்கச் சொல்ல வேண்டும். நாக்கில் காரம் தெரியாமல் போகும்வரை மேலும் மேலும் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுவே அந்த மிளகாயின் கார அளவு. இன்றைக்கு மிளகாய் தின்னும் போட்டிகளில் லட்சக்கணக்கில் முழங்கப்படும் ஸ்கோவில் அலகு இப்படி ஒரு மருந்தாளர் மேசையில் பிறந்ததுதான். காரத்தை அளக்க இப்போது நாக்கு தேவையில்லை. ஆய்வகக் கருவி அளந்துவிடும். நம் வீட்டு அடுப்படிதான் இன்னும் 1912க்கு முன்னால் நிற்கிறது.

'ஆயிரம் ஆண்டுப் பாரம்பரிய மிளகாய்த் தைலம்' என்று யாராவது விற்றால் புன்னகையோடு கடந்து போகலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியக் கரைக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தவை மிளகும் சுக்கும் திப்பிலியும்தான். வலிக்குப் பற்றுப் போட்டதும் அவற்றைத்தான்.

எரிச்சலுக்குப் பின்னால் நடப்பது

மிளகாய் தோலைச் சுடுவதில்லை. சுடுவதாக நரம்பை நம்பவைக்கிறது. தோலுக்கு அடியில் ஓடும் வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குத் தகவல் போகும். காப்சைசின் இந்தக் கதவின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியசின் குழு 1997இல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தது. அதைத் தேடிப் பிடிக்க அவர்கள் தூண்டிலில் மாட்டிய இரையே காப்சைசின்தான். அந்த ஆய்வுக்காக 2021இல் ஜூலியஸ், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கதவு திறந்தால் வலிதானே வர வேண்டும், வலி எப்படிக் குறைகிறது? இதற்கான விடையின் முதல் நூல்முனை ஹங்கேரியில் கிடைத்தது. 1940களில் யான்சோ என்ற ஆய்வாளர், காப்சைசினைத் திரும்பத் திரும்பக் கொடுத்த விலங்குகள் ஒரு கட்டத்துக்குப் பிறகு எந்த எரிச்சல் பொருளுக்கும் அசைந்து கொடுக்காமல் போவதைக் கவனித்தார். கதவு விடாமல் திறந்திருந்தால் நரம்பு நுனிக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்து, அந்த நுனி வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. மருந்து வலுவாக இருந்தால் நுனி பின்வாங்கிச் சுருங்கியே போகிறது. சில மாதங்களில் அது மறுபடி வளர்ந்துவிடும். நரம்பில் இருக்கும் 'பொருள் பி' என்ற வலிக் கடத்தி தீர்ந்துபோவதால்தான் வலி குறைகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பல இணையப் பக்கங்கள் இன்னும் அதையே எழுதிக்கொண்டிருக்கின்றன. அது கதையின் ஒரு சிறு பகுதிதான்.

வீட்டு வைத்தியக் குறிப்புகள் கோட்டைவிடும் இடம் இதுதான். "நன்றாக எரிந்தால் நன்றாக வேலை செய்கிறது" என்று நினைக்கிறார்கள். எரிச்சலுக்கும் ஓரளவு பங்கு இருக்கிறது. புதிய எரிச்சல் பழைய வலியைச் சற்று நேரம் மறைக்கும்; ரத்தம் பாய்ந்து தோல் சிவக்கும்; இதமாகவும் தோன்றும். தைலத்தைத் தேய்த்துவிடும் கைக்கே பாதி மரியாதை போய்ச் சேர வேண்டும். ஆனால் உண்மையான மருந்துப் பலன் வருவது எரிச்சல் அடங்கிய பிறகு. அதனால்தான் காப்சைசின் களிம்பை நாளைக்கு மூன்று நான்கு முறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், விடாமல் சில வாரங்கள் தடவச் சொல்கிறார்கள். முதல் வாரம் எரியும். பிறகு எரிச்சல் குறையும். வலியும் கூடவே குறையத் தொடங்கும். வலி வந்த ராத்திரி மட்டும் தேடி எடுத்துத் தடவிவிட்டு, மறுநாள் மறந்துபோகிறவருக்கு எரிச்சல் மட்டுமே மிச்சம்.

ஒரு சின்னக் கணக்கு

வீட்டு எண்ணெயில் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூய காப்சைசினின் காரம் 1.6 கோடி ஸ்கோவில் அலகு. நடுத்தரக் காரமுள்ள வரமிளகாய் 30,000 அலகு என்று வைத்துக்கொண்டால், அதில் எடைக்கு ஏறக்குறைய 0.19 சதவீதம் காரப்பொருள் இருக்கும். அப்படிப்பட்ட மிளகாய் 50 கிராமை 200 மில்லி எண்ணெயில் காய்ச்சி, காரம் முழுவதும் எண்ணெயில் இறங்கினால், கிடைப்பது 0.05 சதவீதக் கரைசல். வீட்டு முறையில் பாதிதான் இறங்கும் என்றால் 0.025 சதவீதம். மருந்துக் கடைக் களிம்பின் அளவேதான்! பாட்டி வைத்தியம் ஜெயித்துவிட்டது என்று கைதட்டத் தோன்றும்.

கைதட்டுவதற்கு முன் மிளகாயை மாற்றிப் பாருங்கள். நிறத்துக்காகவே வாங்கும் பேடகி போன்ற காரம் குறைந்த வகையை 8,000 அலகு என்று வைத்தால், பாதி இறங்கிய எண்ணெயில் 0.007 சதவீதம்கூடத் தேறாது. அதைத் தடவுவதும் வெறும் நல்லெண்ணெய் தடவுவதும் ஒன்றுதான். ஒரு லட்சம் அலகு கொண்ட ஊசிமிளகாய் வகையைப் போட்டு நன்றாகக் காய்ச்சினால் 0.17 சதவீதத்தை எட்டலாம். ஒரே செய்முறை, ஒரே அடுப்பு. இடையில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். வடகிழக்கு மாநிலங்களின் பூத் ஜொலோக்கியா 2007இல் பத்து லட்சம் அலகைத் தாண்டி உலகச் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது. அதைக் கொண்டு எண்ணெய் காய்ச்சுவதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

எண்ணெயின் நிறத்தைப் பார்த்துக் காரத்தைச் சொல்லவும் முடியாது. சிவப்பைத் தருவது கரோட்டினாய்டு நிறமிகள். அவற்றுக்கும் காரத்துக்கும் தொடர்பே இல்லை. ரத்தச் சிவப்பாக ஒரு புட்டி, வெளிறிய ஆரஞ்சில் இன்னொரு புட்டி என்று இருந்தால், இரண்டாவதுதான் தோலை உரிக்கும் புட்டியாக இருக்கக்கூடும். விதையில்தான் காரம் என்று பலரும் நம்புவதும் அப்படித்தான். விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய உள்தண்டில்தான் காப்சைசின் உருவாகிறது. விதையின் மேல் இருப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே "விதை நீக்கிய மிளகாய்" என்று குறிப்பு சொன்னால், உள்தண்டும் போயிற்றா இருக்கிறதா என்பதைப் பொறுத்து எண்ணெயின் வலு தலைகீழாக மாறும்.

ஆய்வுகள் சொல்வது

குறைந்த அளவு காப்சைசின் களிம்பைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு 2019 வழிகாட்டுதலில் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. அதே அறிக்கை, கைவிரல் மூட்டுகளுக்கு அதைத் தடவ வேண்டாம் என்றது. விரலில் தடவியது கண்ணுக்குப் போய்விடும் என்ற கவலை அதற்கு ஒரு காரணம். நரம்பு சேதத்தால் வரும் வலிக்கு 0.075 சதவீதக் களிம்பு போலி மருந்தைவிட மேலானது என்று சொல்லச் சான்று போதவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் அமைப்பின் தொகுப்பு 2012இல் முடிவு சொன்னது. இந்த ஆய்வுகளில் வேடிக்கையான ஒரு தடங்கல் உண்டு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் போலி என்று கொடுத்தால், எரிகிறவருக்குத் தன் கையில் இருப்பது மருந்து என்று உடனே தெரிந்துவிடுகிறது.

வலுவான அளவின் கதை வேறு. 8 சதவீதம் காப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டை 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் ஊரில் அக்கி என்று சொல்லும் நோயின் கொப்புளங்கள் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலிக்கானது அது. பயிற்சி பெற்றவர்கள் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஒட்டிவைத்து எடுப்பார்கள்; லேடெக்ஸ் கையுறை போதாது, மருந்து ஊடுருவிவிடும். ஒருமுறை ஒட்டினால் சுமார் மூன்று மாதத்துக்குப் பலன் எதிர்பார்க்கலாம். களிம்பைப்போல நூறு முதல் முந்நூறு மடங்கு வலுவுள்ள இதை வீட்டில் செய்யவும் முடியாது, செய்யவும் கூடாது. கிராமங்களில் அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காவியாவது எரிச்சல் தராது. கொப்புளம் ஆறாத அக்கியின் மேல் மிளகாய் எண்ணெயைத் தடவுவது சித்திரவதை.

சர்க்கரை நோயாளிகளின் கால்

அதே பட்டைக்கு 2020இல் இன்னொரு அனுமதியும் கிடைத்தது: சர்க்கரை நோயால் பாதத்தில் வரும் நரம்பு வலிக்கு. இதைக் கேள்விப்பட்டு, "அப்பாவுக்குக் கால் எரிச்சல், மிளகாய் எண்ணெய் நல்லதாமே" என்று கிளம்புகிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். இவர்களில் பாதம் மரத்தவர்கள் ஏராளம். ஒரே பாதத்தில் ஓர் இடம் எரியும், பக்கத்து இடம் மரத்திருக்கும். மரத்த இடத்தில் எண்ணெய் தோலைப் புண்ணாக்கினாலும் அவருக்குத் தெரியாது. எரிகிறது என்று சொல்லி நிறுத்தவும் மாட்டார். விரலிடுக்கில் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அது வழியே கிருமி போகும். சர்க்கரை நோயாளியின் காலில் ஒரு சின்னப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பது நம் தெருக்களில் பலருக்கும் தெரியும். மருத்துவமனையில் பாதத்தைச் சோதித்து, நேரம் பார்த்து ஒட்டும் பட்டைக்குக் கிடைத்த அனுமதியை அடுப்படிப் புட்டிக்கு மாற்றி எழுதிக்கொள்ள முடியாது. இவர்கள் மிளகாய் எண்ணெய்ப் பக்கமே போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கூந்தல் வளர்ச்சிக்கு மிளகாய் எண்ணெய் என்பதையும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மனித முடிவேர்களில் காப்சைசின் முடியின் வளர்ச்சியைத் தடுத்ததாகத்தான் 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. தொப்பையில் தடவினால் கொழுப்பு கரையும் என்பதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

செய்தே தீருவேன் என்றால்

காயமோ தோல் நோயோ சர்க்கரை நோயோ இல்லாத ஒருவர், தன் முழங்காலுக்கு என்று முயன்று பார்க்க விரும்பினால், அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மிளகாயும் எண்ணெயும் எப்படிப்பட்டவை என்று தெரிந்து செய்ய வேண்டும்.

காப்சைசின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். மிளகாய் காய்ந்ததாகவே இருக்க வேண்டும். பச்சை மிளகாயிலும் பூண்டிலும் ஈரம் இருக்கிறது. எண்ணெய்க்கு அடியில் காற்றுப் படாமல் கிடக்கும் ஈரமான காய், போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு ஏற்ற இடம். கனடாவின் வான்கூவரில் 1985இல் எண்ணெயில் ஊறிய பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். தடவுவதற்கு மட்டும்தானே என்று சமாதானம் சொல்ல முடியாது. சமையலறை அலமாரியில் இருக்கும் சிவப்பு எண்ணெய் என்றைக்காவது ஒருநாள் தோசைக்குப் போய்ச் சேரும்.

தாளிப்பதுபோல் எண்ணெயைப் புகைய விடக் கூடாது. மிளகாய் கருகினால் நெடி கிளம்பி வீடே கமறும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் அது விளையாட்டல்ல. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து, இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் விட்டால் போதும். காப்சைசின் சூட்டில் எளிதில் அழியாது. அடுப்பை எரிய எரிய விடுவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். துகள் தங்கினால் தடவும்போது ஓரிடத்தில் மட்டும் அதிகம் எரியும். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்காது என்பதால் அதுவே பொருத்தம். புட்டியின் மேல் பெயரும் தேதியும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்து ஒருநாள் பொறுத்திருந்து பார்ப்பது அவசியம். அளவு தெரியாத மருந்துக்கு நம்மிடம் இருக்கும் ஒரே தராசு அதுதான். தாங்கினால் முழங்காலில் மெல்லிய படலமாகத் தடவலாம். தடவிய இடத்தைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும், வெந்நீர்ப் பை வைப்பதும், தடவியவுடன் வெந்நீரில் குளிப்பதும் எரிச்சலைப் பல மடங்காக்கும். வியர்வையும் அதையே செய்யும். சித்திரை வெயிலில் தொடங்குவது புத்திசாலித்தனம் இல்லை. மென்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த பாம்களை அதன் மேல் பூசக் கூடாது. இந்த வகை வலிநிவாரணப் பூச்சுகளால் அரிதாகத் தோல் வெந்து புண்ணாகியிருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. தோல் கொப்புளித்தால் நிறுத்திவிட வேண்டும். அது பழகப் பழகச் சரியாகும் எரிச்சல் இல்லை.

நேர்மையாகச் சொன்னால், கடையில் கிடைக்கும் 0.025 சதவீதக் களிம்பு இந்தப் பாடு எதுவும் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது. அட்டையில் அளவு இருக்கிறது. எந்தக் குழாயை எடுத்தாலும் அதே அளவு.

களிம்போ எண்ணெயோ, கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தால் பலரும் முதலில் ஓடுவது குழாயடிக்கு. தண்ணீர் பட்டுக்கொண்டிருக்கும்வரை இதமாக இருக்கும், கையை எடுத்ததும் மறுபடி எரியும். மிளகாய் உரித்துக் கை எரிந்தவர்களிடம் 1980களில் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குழாய்த் தண்ணீரைவிடச் சமையல் எண்ணெயில் கையை முக்கி வைத்தவர்களுக்குத்தான் நிவாரணம் நீடித்தது. வெறும் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டு, மறுபடி ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் எண்ணெய் வைத்தியம் வேண்டாம்: காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அதற்குப் பிறகும் கண் திறக்க முடியாமல் எரிந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.